ஒரு துளை போதாது

அன்பு மகனே,

கேட்க மாட்டேன். நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நீ பக்கம் பக்கமாகப் புரட்டி இந்த ஒரு பதிலைத்தான் தேடிக்கொண்டிருப்பாய். நிச்சயதார்த்தத்தன்று உன் மாமா வீட்டுக் கூடத்தில், இலை போடக் காத்திருக்கும் அத்தனை உறவுக்காரர்களுக்கும் முன்னால் எழுந்து நின்று, 'அன்றைக்கு நான் செய்தது தப்பு, மச்சான் என்னை மன்னிக்க வேண்டும்' என்று நான் சொல்லப் போவதில்லை. சொல்லாவிட்டால் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க வரமாட்டேன் என்று அவர் அடம்பிடிப்பதாக எழுதியிருக்கிறாய். 'ஒரு வார்த்தைதானேப்பா' என்றும் எழுதியிருக்கிறாய். ஒரு வார்த்தைதான். அந்த ஒன்றைத்தான் நான் இத்தனை வருஷமாக யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். போகட்டும், நீ நலம்தானே? கடலூர் வெயிலில் மத்தியானம் வெளியே அலையாதே. நாங்கள் இருவரும் நலம்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "எங்க அண்ணன் ஒண்ணும் உங்க தலையக் கேக்கலியே? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்னா கொறைஞ்சிடப் போறீங்க?" என்றாள். பிறகு என்னோடு பேசவில்லை. டம்ளரைக் கீழே வைக்கிற சத்தத்திலேயே அவள் எந்தக் கட்சி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பொங்கலுக்குப் பொங்கல் அண்ணன் வீட்டுச் சீர் வருமா என்று வாசலைப் பார்க்கிறவள் அவள். இந்த விவகாரத்துக்குப் பிறகு அது ஒரு வருஷமும் வரவில்லை. அவளுக்கு அது வலி. என்னால் வந்த வலி என்பதையும் நான் மறுக்க மாட்டேன்.

அப்போது நீ சென்னையில் படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்தபோது உன் காதில் விழுந்ததெல்லாம் உன் மாமா சொன்ன கதை. 'உங்கப்பன் வாசல்ல வந்து நின்ன லட்சுமியக் கல்லால அடிச்சித் தொரத்திட்டான்' என்று ஊர் முழுக்கச் சொன்னார். அவருக்குப் பேச வரும். நான் வாய் திறக்கவில்லை. நான் பேசாமல் இருந்ததைத் தப்பை ஒப்புக்கொண்டதாக நீ எடுத்துக்கொண்டாய் போலிருக்கிறது. அதனால் இப்போது முழுதாகச் சொல்கிறேன், படி.

கள்ளக்குறிச்சிக்கும் மேற்கே, மலையடிவாரத்தில், நானும் உன் மாமாவும் கூட்டாக ஒரு மேட்டு நிலம் வாங்கினோம். மல்லாட்டை போடலாம், கடலைக்கு நல்ல விலை என்பது திட்டம். கீரப்பாளையத்துச் சேற்றில் பிறந்து சிதம்பரத்து நெல் மண்டியில் பிழைக்கிறவனுக்கு மேட்டு நிலத்தைப் பற்றி என்ன தெரியும்? கலப்பை இறங்கிய இடத்திலெல்லாம் கல். அந்தக் கல்லிலும் அங்கங்கே பச்சையாக ஒரு கறை, பித்தளைக் குடத்தில் களிம்பு ஏறின மாதிரி. அப்படிக் கண்ணுக்கு நேராகத் தெரிந்தும் எங்களுக்குப் பாசி என்றுதான் தோன்றியது. சர்க்காரின் நில ஆராய்ச்சிக்காரர்கள் ஜீப்பில் வந்து, கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது பாசி இல்லை, அடியில் செம்பும் துத்தநாகமும் இருக்கலாம், துளை போட்டுத்தான் சொல்ல முடியும் என்றார்கள்.

செய்தி சிதம்பரத்துக்கு வந்ததும் என் பாடு பெரும்பாடாகிவிட்டது. "என்னா மண்டிக்காரரே, செம்போட கெளம்பிட்டீங்க, காட்டுப் பக்கமா?" என்று கேட்காத ஆள் கீழவீதியில் கிடையாது. செம்பை எடுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் போகிறவன் எதற்குப் போகிறான் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் மாமாவுக்கு இந்தக் கேலி கேட்டால் ரத்தம் கொதிக்கும். நான், "ஆமாம்பா, கொஞ்சம் அவசரம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுவேன்.

அந்த வேலையை நீ பார்த்திருக்க வேண்டும். மூன்று கால் வைத்த ஒரு கோபுரம். அதன் அடியில் இன்ஜின். நுனியில் வைரத்துணுக்கு பதித்த குழாயைச் சுழற்றிச் சுழற்றிப் பாறைக்குள் இறக்குவார்கள். சூடு தணிய மேலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக மாட்டு வண்டிகள் ஏரிக்கும் காட்டுக்குமாக நடந்தபடி இருந்தன. குழாய் நிறைந்ததும் மேலே இழுத்துத் தட்டினால், உள்ளேயிருந்து பாறை உருளை உருளையாக, அம்மிக் குழவியை இளைக்க வைத்த மாதிரி வெளியே வரும். 'கோர்' என்பார்கள். அதை மரத்தட்டுகளில், எந்த ஆழத்தில் எடுத்தது என்று குறித்து, முன்னது பின்னது மாறாமல் அடுக்கி வைப்பார்கள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மண்டியில் தினமும் நான் செய்கிற வேலைதானே இது! மூட்டையைப் பிரிக்காமல் குத்தூசியைச் சொருகி இழுத்து, அதன் பள்ளத்தில் வருகிற நெல்லை உள்ளங்கையில் கொட்டித் தேய்த்துப் பார்த்து, மொத்த மூட்டைக்கும் விலை சொல்கிறோம். "என்னா ஆபீசர், உங்க குத்தூசி கொஞ்சம் பெருசா இருக்குதே" என்றேன். அந்த அதிகாரி வயதில் சிறியவர், வெளியூர்க்காரர். குத்தூசி என்றால் என்னவென்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. விளக்கியதும் அவருக்கும் பேர் பிடித்துவிட்டது, கூலியாட்கள்வரை அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

முதல் துளையிலேயே வந்தது. பித்தளை நிறத்தில் மினுமினுவென்று ஒரு பட்டை, அதை ஒட்டிக் கருப்பும் பழுப்புமாக இன்னொரு பட்டை. மஞ்சளில் செம்பு இருக்கிறது, கருப்பில் துத்தநாகம் என்றார் அதிகாரி. உன் மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பூமியைத் தொட்டுக் கும்பிட்டார். எந்திரத்தடியில் சிதறிக் கிடந்த ஒரு சில்லைக் கேட்டு வாங்கித் துண்டு முனையில் முடிந்துகொண்டார். "குத்தூசி போட்டுப் பாத்தாச்சு மாப்ள. மூட்ட முழுக்கச் செம்பு!" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நெல்லைத் தொட்டு வாழ்கிறவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? "ஒரு ஹோல வெச்சு ஒண்ணும் சொல்லக்கூடாதுங்க. தள்ளித் தள்ளி இன்னும் போட்டுப் பாக்கணும்" என்று அதிகாரி சொன்னது எங்கள் இருவர் காதிலும் ஏறவில்லை.

லால்பேட்டை மைதீன் ராவுத்தரை உனக்குத் தெரியும். நெல் வியாபாரத்தில் வந்த பழக்கம். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாமா என்பார். யாருக்கு யார் மாமா என்று நாங்கள் முறை பார்த்ததில்லை. மலேயாவில் ஈப்போ பக்கம் கடை வைத்திருந்தவர். அங்கே வெள்ளீயச் சுரங்கத்தால் நேற்றுவரை கைலி கிழிந்து நின்றவனெல்லாம் மோட்டாரில் போனதைக் கடைக்குள் உட்கார்ந்து பார்த்து ஏங்கியவர். உன் மாமா துண்டை அவிழ்த்து அந்தச் சில்லை மேசை மேல் வைத்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அல்லா அங்க காட்டினத இங்க குடுக்குறான்" என்றார். நிலத்தை அவரே வாங்கிக்கொள்வதாகப் பேச்சு முடிந்தது. கையில் இருப்பது போதாது, லால்பேட்டை வீட்டையும் விற்றுத் தருகிறேன் என்றார். மனைவியும் கல்யாணத்துக்கு நிற்கும் இரண்டு பெண்களும் குடியிருக்கிற வீடு. பூமிக்கு அடியில் இருப்பது நமக்கா, சர்க்காருக்கா என்று எங்கள் மூன்று பேரில் ஒருவர்கூட ஒரு வக்கீலிடம் கேட்கவில்லை. செம்பு என்ற வார்த்தைக்கு அவ்வளவு போதை.

வருகிற வெள்ளிக்கிழமை எழுதிக்கொள்வது என்று முடிவானது. அதற்கு முன்னால் நான் காட்டுக்கு ஒரு நடை போய் வந்தேன். இரண்டாவது துளை முடிந்து, மூன்றாவதும் முடிகிற நிலையில் இருந்தது. தட்டுத் தட்டாகச் சாம்பல் நிறக் கல். தேடித் தேடிப் பார்த்ததில் ஒரு தட்டில் மட்டும் தலைமுடி கனத்துக்கு ஒரு மஞ்சள் கோடு. "செம்பு இருக்குங்க. சுரங்கம்தான் இல்லைங்க" என்றார் அதிகாரி. முதல் துளை பட்ட இடத்தில் மட்டும் கொஞ்சம் தடித்து, இரண்டு பக்கமும் மெலிந்து அறுந்துபோகிறது என்று கையால் காற்றில் வரைந்து காட்டினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூட்டை என்றால் ஒரே களத்து நெல்லை ஒரே ஆள் கொட்டித் தைத்தது; எங்கே குத்தினாலும் ஏறக்குறைய ஒன்றுதான் வரும். பூமியை யார் கொட்டித் தைத்தார்கள்?

அங்கிருந்து நேராகக் கடலூருக்குப் போய் உன் மாமாவிடம் சொன்னேன். அவர் எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பிறகு, "நீ காட்டுக்குப் போவல மாப்ள. ஒண்ணும் பாக்கல. வெள்ளிக்கெழம வரைக்கும் வாய மூடிக்கிட்டு இரு" என்றார்.

"ராவுத்தர் வீட்ட விக்கிறாரு மச்சான்."

"பொய் சொல்லுன்னா சொல்றேன்? சும்மா இருன்னுதானே சொல்றேன். அவுங்க ஈப்போல சம்பாரிச்சவங்க, மறுபடியும் சம்பாரிப்பாங்க. நமக்கு இந்த ஒரு தடவதான்."

"சில்லக் கொண்டுபோயி மேச மேல வெச்சது நாம. அதுக்கப்புறம் சும்மா இருந்தா, அது சும்மா இருக்குறது இல்ல."

எழுந்துவிட்டேன். உன் மாமி காபி கொண்டுவந்து நின்றார்கள். அதைக்கூடக் குடிக்காமல் வந்தேன். அந்த வீட்டில் நான் கடைசியாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் லால்பேட்டை. நல்லது சொல்லப் போகிறோம், கட்டிக்கொள்வார் என்று நினைத்துப் போனேன். ராவுத்தர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "வேற பார்ட்டி ஜாஸ்தி வெலைக்கு வந்துட்டானா மாமா? நேரா சொல்லு. நானும் ஜாஸ்தி பண்றேன்." நான் சொல்லச் சொல்ல அவர் முகம் கடுகடுவென்று ஆனது. "செம்பு இல்லன்னு சொல்லி என்னையத் தள்ளி வுட்டுட்டு நீங்களே வெச்சிக்கப் போறீங்க. எனக்குத் தெரியாதா?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு வாடகைக் காரில் ஏற்றினேன். வடலூரில் டீக்கு நிறுத்தியபோதுகூட அவர் இறங்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

காட்டில் ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்த்தார். கல்லை எடுத்து வெயிலில் திருப்பினார், எச்சில் தொட்டுத் தேய்த்தார். எடுத்ததை எடுத்த இடத்திலேயே, தலைமாறாமல் வைக்கும்படி அதிகாரி கேட்டுக்கொண்டார்; சின்னப் பிள்ளை மாதிரி அப்படியே வைத்தார். கடைசித் தட்டுவரை பார்த்துவிட்டு வெறுந்தரையில் உட்கார்ந்தார். "வீட்ட வித்திருப்பேன் மாமா" என்றார். என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அதையே இன்னொரு தடவை சொன்னார். பிறகு எழுந்து கைலியைத் தட்டி உதறிக்கொண்டு, "போவட்டும், பொம்பளைங்களுக்கு நல்ல கொழவி கெடைக்கும்" என்றார். அதிகாரியும் சேர்ந்து சிரித்தார்.

இதுதான் மகனே நடந்தது. இதில் எந்த இடத்தில் நான் வழுக்கினேன் என்று உன் மாமாவைக் காட்டச் சொல். அவர் காட்டமாட்டார். 'சொந்தக்காரனைவிட ராவுத்தர் பெருசாயிட்டாரா' என்பார். பெரிசு சிறிசு என்று நான் எடை போடவில்லை. ஏமாறப் போகிறவர் எதிரே இருந்தார், எனக்கு விஷயம் தெரிந்திருந்தது. அவ்வளவுதான். இன்றைக்கு அந்த மேட்டில் ஆடு மேய்கிறது. மேயட்டும். அந்த ஆடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஊர்க்காரர்கள் இன்னமும் 'செம்பு' என்று முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு, நெல் விற்க என் மண்டிக்குத்தான் வருகிறார்கள்.

நிச்சயதார்த்தத்துக்கு ராவுத்தரையும் அழைக்கப் போகிறோம். கூடத்தில் அவரும் உட்கார்ந்திருப்பார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, 'உங்கள் வீடு போயிருக்க வேண்டும், போகவிடாமல் செய்தது என் தப்பு' என்று நான் சொல்ல வேண்டுமா? நீ கேட்கிற ஒரு வார்த்தைக்கு அர்த்தம் அதுதான். எழுதும்போது அதை யோசித்தாயா? யோசித்திருக்க மாட்டாய். மாமா ஒரு பக்கம் சொன்னதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்து எழுதிவிட்டாய். நீயும் ஒரே துளை போட்டு மூட்டையை விலை பேசிவிட்டாய்.

கல்யாணம் ஆகப் போகிறவன், அதனால் இன்னொன்றும் சொல்கிறேன். விஜயா உனக்கு முறைப்பெண், சின்ன வயதிலிருந்து தெரிந்தவள் என்று மெத்தனமாக இருக்காதே. ஒரு நாள் சிரித்தாள் என்று தலையில் தூக்கி வைக்காதே, ஒரு நாள் முகத்தைத் திருப்பினாள் என்று முடிவும் கட்டாதே. நானும் உன் அம்மாவும் போடாத சண்டையா? சண்டை போடலாம். ஆனால் ஜெயிப்பதற்காக நடக்காததை நடந்தது என்று சொல்லக்கூடாது. சமாதானத்துக்காகவும் சொல்லக்கூடாது. முதலாவது மனுசனுக்குச் சகஜம், கோபம் தணிந்ததும் வெட்கமாக இருக்கும். இரண்டாவதில் வெட்கம்கூட வராது, எல்லாரும் நல்லவன் என்பார்கள். அதனால்தான் அது மோசம்.

இதுவரை எழுதியது நேற்று. உன்னிடம் இவ்வளவு கடுமை வேண்டாமோ, கடைசிப் பத்தியை அடித்துவிட்டு வேறு எழுதலாமா என்று இன்று காலை பேனாவை எடுத்தேன். வாசலில் செருப்புச் சத்தம். கடலூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து விஜயா வந்து நிற்கிறாள். இன்றைக்குச் சனிக்கிழமை, அவள் பாடம் எடுக்கிற பள்ளிக்கூடத்துக்கு லீவு. கல்யாணப் பெண் இப்படித் தனியாக வந்து நின்றதும் உன் அம்மா பதறிப்போய், "யாருக்கு என்னாடி ஆச்சு?" என்று ஓடினாள்.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல அத்த" என்று அவளை ஒதுக்கிவிட்டு என் எதிரே வந்து நின்றாள். "மாமா, அப்பா கேக்குறத நீங்க சொல்லப் போறீங்களா?"

"நீ என்னா சொல்ற?"

"நீங்க சொன்னீங்கன்னா நான் கழுத்த நீட்ட மாட்டேன்."

உன் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். விஜயா நிறுத்தவில்லை. "அந்த வெள்ளிக்கெழம வந்தா பணம் வந்துடும்னு, எனக்கு நகை பண்ண அப்பா ஆசாரிகிட்டச் சொல்லி வெச்சிருந்தாரு மாமா. ராவுத்தர் வீட்டுப் பெரிய பொண்ணு என்கூட ட்ரெய்னிங் ஸ்கூல்ல ஒரே பெஞ்சுல உக்காந்தவ. அவ வீட்ட வித்து நான் கழுத்துல போட்டுக்கிட்டு இருந்திருப்பேன், எனக்குத் தெரியாமலே. அத நீங்க நிறுத்தினீங்க. இப்ப அதையே தப்புன்னு நீங்க சபையில எழுந்து சொல்லிட்டா, அப்புறம் இந்த வீட்டுல நான் யார நம்பி வாழ வர்றது?"

அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அவர்கிட்ட முந்தாநாளே சொல்லிட்டேன். ரெண்டு நாளா என்கூடப் பேசல. பேசாட்டிப் போறாரு. உங்க புள்ளைகிட்ட மட்டும் நீங்க எழுதிடுங்க, எனக்குக் கோவமா வருது" என்றாள். உன் அம்மா அவளை உட்கார வைத்துத் தலை வாரிப் பூ வைத்துவிட்டாள்.

அதனால் ஒரு எழுத்தையும் அடிக்காமல் இதை அப்படியே அனுப்புகிறேன். நான் மன்னிப்புக் கேட்டால் பந்தலுக்கு உன் மாமா வருவார், பெண் வரமாட்டாள். கேட்காவிட்டால் பெண் வருவாள், மாமா வருவது அவர் இஷ்டம். இரண்டு பேரில் யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறாய் என்று உடனே எழுது.

உன் அப்பா